நான்கு மெழுகுவர்த்திகளையும் ஏற்றியவள்

கூட்டாளிகளே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஹாஸ்டல் சேப்பலின் பழைய படத்தைப் போட்டீர்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டது. “நாலு மெழுகுவத்தியையும் ஏத்தி சிஸ்டரையே கதிகலங்க வச்சாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா?” என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி அதற்குக் கையும் காலும் வைத்து ஒரு கதையே எழுதிவிட்டாள். அந்தக் கதையில் நான் மேசை மேல் ஏறி நின்று சிஸ்டரோடு சண்டை போடுகிறேன். அறுபத்திரண்டு வயதில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உங்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது லீவுக்கு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எதையும் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இனிமேல் யாரும் அந்த மேசையைக் கொண்டுவரக் கூடாது.

நாம் மூன்றாம் படிவம் முடித்த வருஷம் அது. அரசாங்கப் பரீட்சை முடிந்து, பள்ளி மூடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் சும்மா கிடந்தோமே, அது உங்களுக்கும் மறந்திருக்காது. பாடம் கிடையாது; வீட்டில் இருக்கவும் விடமாட்டார்கள். இரவல் பாடப்புத்தகங்களுக்குப் பசை தடவித் திருப்பிக் கொடுத்தோம். மேசைகளை வராந்தாவுக்கு இழுத்துவந்து, நாமே கிறுக்கிய பெயர்களை நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ஆட்டோகிராப் புத்தகங்களில் எல்லாருக்கும் ஒரே நாலு வரியை எழுதிக் கொடுத்து, எல்லாருக்கும் ‘நீதான் என் உயிர்த்தோழி’ என்று கையெழுத்துப் போட்டோம். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும். ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து கோப்பி வாசனை ஈரக் காற்றோடு வரும். பசி எடுக்கும்.

விட்டுப்போன சாமான்களைப் பொறுக்கும் வேலை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஒற்றைக்கால் சப்பாத்து, மூடியில்லாத தண்ணீர்ப் போத்தல், பல் உடைந்த சீப்புகள், ஓவிய அறையில் உருண்டு கிடந்த கிரேயான் துண்டுகள் எல்லாம் ஒரு பேப்பர் பெட்டியில் சேர்ந்தன. யாரும் கேட்டு வரவில்லை. நீங்கள் எல்லாரும் அறிவியல் பிரிவா கலைப் பிரிவா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அந்தப் பேச்சு வந்தாலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன். எனக்கு நான்காம் படிவமே உறுதியில்லை என்று உங்களில் ஒருத்திக்கும் நான் சொல்லவில்லை.

அப்பா காஹாங்குக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினார். எங்கள் லயத்து வீட்டிலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கே சைக்கிளில் அரைமணி நேரம். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பள்ளியில் இரண்டாம் பாடம் முடிந்திருக்கும். அதனால் மூன்று வருஷமும் பள்ளி இருந்த குளுவாங்கிலேயே சித்தப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்து படித்தேன். அந்த வருஷக் கடைசியில் சித்தப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சித்தி பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்ததும் என் படிப்பும் அதோடு சேர்ந்து கட்டப்படுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. பெரியப்பா மகள் ஜொகூர் பாருவில் எலெக்ட்ரானிக் பேக்டரியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. “பேக்டரி பஸ்ஸு வாசல்லயே வந்து ஏத்திக்குது. உக்காந்துகிட்டே வேல. ஜனவரில நீயும் அக்காவோட போயிரு பாப்பா,” என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வெயிலில் நிற்காமல் செய்கிற வேலை என்பதே அவருக்குப் பெரிய விஷயம். எனக்கோ படிக்க வேண்டும். டாக்டராக வேண்டும், டீச்சராக வேண்டும் என்ற கனவெல்லாம் இருந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பித்ததைப் பாதியில் விடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வழி ஹாஸ்டல். பள்ளிக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த நீளமான அறையில் பத்துக் கட்டில்கள் இருந்தன. ஜனவரியில் ஒன்று காலியாகிறது என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் சொல்லாமல் நானே போய் ஹாஸ்டல் சிஸ்டரின் கதவைத் தட்டினேன். நம் தலைமையாசிரியை வேறு, இவர் வேறு. ஹாஸ்டலை மட்டும் பார்த்துக்கொள்ள அந்த வருஷ நடுவில்தான் பினாங்கிலிருந்து வந்திருந்தார். தமிழர்தான். ஆனால் இங்கிலீஷிலேயே பேசுவார், சிரிக்க மாட்டார். நம்மில் யாரையும் அவருக்குச் சரியாகத் தெரியாது. “அப்பாவை அழைத்துக்கொண்டு வா,” என்று மட்டும் சொன்னார்.

ஹாஸ்டலில் கட்டில் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் பேக்டரி என்று அப்பா ஒத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடையோடு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், அங்கே காத்திருந்த என்னை ஒரு தூண் பக்கம் இழுத்து, கைக்குட்டையால் என் நெற்றித் திருநீற்றை அழுத்தித் துடைத்தார்.

“இங்க பாரு பாப்பா, அது வேதக்காரங்க எடம். நாம சாமி கும்புடறது, வெளக்கு வைக்கிறது, ஒண்ணும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா எடம் குடுக்க மாட்டாங்க.”

“ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியுமேப்பா?”

“ஸ்கூலு வேற, ஹாஸ்டலு வேற. அங்க அவங்க கூடவே படுத்து எந்திரிக்கணும். நீ சும்மா இரு, போதும்.”

சிஸ்டர் என் பரீட்சை மார்க்கைப் பார்த்தார், என் நகங்களைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “பிரார்த்தனை நேரமெல்லாம் இவளுக்குப் பழக்கம்தானே?” என்று தமிழில் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. “பழக்கந்தான் சிஸ்டரம்மா,” என்றார். ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. தோட்டத்துக் கோயிலில் நான் வெள்ளிக்கிழமை தவறியதில்லை. சிஸ்டர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளி மூடிய பிறகும் ஆறு பெண்கள் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்காக ஹாஸ்டலில் தங்குவார்கள். நானும் அவர்களோடு இருந்து சேப்பல் வேலைக்கு உதவ வேண்டும். கிறிஸ்மஸுக்கு முன்னால் முடிவு சொல்வார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்படித்தான் நான் திருவருகைக் காலத்தில், கிறிஸ்மஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரத்தில், ஹாஸ்டலுக்குள் நுழைந்தேன். லீவு விட்ட பள்ளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அத்தனை நாற்காலியும் மேசை மேல் கவிழ்ந்து கிடக்கும். நடந்தால் நம் சப்பாத்துச் சத்தமே நம் பின்னால் வரும். காலையில் பசியாற ரெண்டு துண்டு ரொட்டி, அதில் கயா ஜாம் தடவியிருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு பூச்சு. சோப்புக்கட்டியைக்கூடப் பாதியாக வெட்டித்தான் தருவார் சிஸ்டர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்புக்கு இந்தச் சோப்பும் ஒரு காரணம்.

சேப்பலில் ஒரு வளையம் வைத்தார்கள். பழைய சைக்கிள் ரிம்மில் சவுக்குக் கிளைகளைச் சுற்றிக் கட்டி, அதில் நான்கு மெழுகுவர்த்திகள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். குளுவாங் கடைகளில் கிடைக்காத நிறம். சிங்கப்பூரிலிருந்து ஒரு பாதர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாராம். முதல் ஞாயிறு மாலை சிஸ்டரே ஓர் ஊதாவை ஏற்றினார். மற்ற மூன்றும் சும்மா நின்றன. “நாளையிலிருந்து ஆறு மணிக்கு நீ ஏற்று,” என்று தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

ஏன் ஒன்று மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நானும் கேட்கவில்லை. நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்: சிக்கனம். சோப்பைப் பாதியாக வெட்டுகிறவர் நான்கு மெழுகுவர்த்தியை ஒரே நேரத்தில் எரிப்பாரா? எங்கள் லயத்திலும் மண்ணெண்ணெய் விளக்கு ஓர் அறையில்தான் எரியும். எனக்கு அதில் ஓர் ஆச்சரியமும் தெரியவில்லை. திங்களும் செவ்வாயும் ஒழுங்காக ஒன்றை ஏற்றினேன்.

புதன்கிழமை கார்த்திகை.

நான் வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள்: “புதன்கெழம கார்த்திக. இந்த வருசம் நீ இல்லாம நானே எல்லா வெளக்கும் வைக்கணும்.” எங்கள் வீட்டில் அன்றைக்குச் சிக்கனம் கிடையாது. ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடையில் வாங்கிய அகல்களை வாசற்படியில், ஜன்னலில், தண்ணீர்க் குழாய் அடியில் வைப்பாள்; கோழிக்கூண்டுக்குக்கூட ஒன்று உண்டு. வைத்த விளக்கை ஏற்றாமல் விடக் கூடாது, அது வீட்டுக்கு ஆகாது என்பாள். வருஷா வருஷம் அவள் எண்ணெய் ஊற்றுவாள், நான் திரி போடுவேன்.

அன்று ஐந்து மணிக்கு மழை விட்டது. சேப்பலுக்குள் ஈரச் சவுக்கும் தரை மெழுகும் சேர்ந்து ஒரு வாசனை. நான் ஒன்றை ஏற்றினேன். தீக்குச்சி கையில் எரிந்துகொண்டிருக்க, மற்ற மூன்றையும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பதினைந்து வயதுப் பெண் தனியாக நின்று தேம்பித் தேம்பி அழுதேன். கார்த்திகையும் அதுவுமாக, ஏற்றி வைக்காத விளக்கு மூன்று என் கண் முன்னால் நிற்கிறது. ஏற்றும் வேலையோ என்னுடையது. ஒரு நாளைக்குத்தானே, சிஸ்டருக்கு என்ன குறைந்துவிடும் என்று மூன்றையும் ஏற்றினேன். அதோடு விட்டேனா? அலமாரியில் பிஸ்கட் டின் நிறைய பழைய மெழுகுவர்த்தித் துண்டுகள் கிடந்தன. அவற்றில் ஏழெட்டை எடுத்துப் பீடத்தின் படிகளில் வரிசையாக நட்டு அவற்றையும் ஏற்றினேன். அந்த இடத்துக்கு வந்து அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாட்டுப் பயிற்சி முடிந்து வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். “அலமாக்! ரோஸும் எரியுதுடி!” என்றாள் ஒருத்தி. பின்னாலேயே சிஸ்டர் வந்தார். படி விளக்குகளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். மூன்று புது மெழுகுவர்த்திகளும் அதற்குள் ஒரு விரல்கடை இறங்கி, ரோஸ் நிறம் சவுக்கு இலை மேல் சொட்டியிருந்தது.

“யார் இது?”

“நான்தான் சிஸ்டர்.”

“ஏன்?”

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

“விளையாட்டா உனக்கு? கேலியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கத்தவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். “தோட்ட ஆபீசுக்குப் போன் செய்கிறேன். சனிக்கிழமை உன் அப்பா வரட்டும்,” என்றார். அவ்வளவுதான் நடந்தது, கூட்டாளிகளே. மேசையும் இல்லை, சண்டையும் இல்லை.

படுக்கும் அறையில், ஐந்தாம் படிவத்துப் பெரிய பெண் எனக்குப் புத்தி சொன்னாள். “ரோஸ் மூணாவது ஞாயித்துக்கெழமைக்குத்தான் லா. இப்ப எரிஞ்சது எரிஞ்சதுதான். சிங்கப்பூர்லேருந்து வந்தது தெரியுமா?”

“ஏன் மூணாவது?”

“அது அப்படித்தான் லா. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று புரிந்தது: குறை மெழுகுவர்த்தியில் இருக்கிறது. மூன்று மெழுகுவர்த்தியைக் கெடுத்துவிட்டேன்; மூன்று மெழுகுவர்த்தியைப் புதிதாக வைத்துவிட்டால் என் கட்டில் எனக்கு. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பேக்டரி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலையில் சமையல்கார ஆன்ட்டியோடு மீனும் காய்கறியும் வாங்கப் பாசாருக்குப் போனபோது நாலு கடை ஏறி இறங்கினேன். சீனர் கடைகளில் சாமிக்கு ஏற்றும் சிவப்பு இருந்தது, வெள்ளை இருந்தது. ஊதா என்றதும் சிரித்தார்கள். சரி, நானே செய்வது என்று திரும்பி வந்தேன். பிஸ்கட் டின்னில் மெழுகுத் துண்டுகள் இருந்தன. நிறத்துக்கு, நான் பொறுக்கி வைத்த பெட்டியிலிருந்து கிரேயான் துண்டுகள். அச்சுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சமையலறைப் பின்புறம் பப்பாளி மரம் நின்றது. இலைத்தண்டு நல்ல குழாயாக, விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. நான்கைந்தை வெட்டினேன். ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, நடுவில் முறுக்கிய நூலைத் தொங்கவிட்டு, பால் டின்னில் மெழுகை உருக்கினேன்.

“அலமாக்! என் அடுப்புல என்னடி காச்சற?” என்று ஆன்ட்டி ஓடி வந்தார்.

“மெழுகுவத்தி ஆன்ட்டி.”

“சிஸ்டர் ஒன்ன வெளிய அனுப்பப் போறாங்கன்னு ஊரே பேசுது. நீ இங்க மெழுகுவத்தி காச்சறியா?”

“அனுப்பறதுக்கு முன்னாடி குடுத்துறணும் ஆன்ட்டி.”

ஆன்ட்டி மீன் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை எனக்கு விட்டார். நான் இன்றுவரை அவரை மறக்கவில்லை.

முதல் முறை களிமண் பிய்த்துக்கொண்டு மெழுகெல்லாம் தரையில் ஓடியது. இரண்டாம் முறை நூல் ஓரத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் முறை என் கட்டைவிரல் வெந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இதே வேலை. ஊதா கிரேயான் ஒன்றரைத் துண்டுதான் இருந்ததால் நீலத்தையும் சிவப்பையும் போட்டேன். வாடிய கத்தரிக்காய் நிறம் வந்தது. ரோஸ் கொஞ்சம் செம்மண் பக்கம் போய்விட்டது. வாளித் தண்ணீரில் குளிர வைத்து, பப்பாளித் தண்டை உரித்து எடுத்தபோது, நாரின் தடம் பதிந்து, கோணலும் மாணலுமாக மூன்று மெழுகுவர்த்திகள் என் கையில் இருந்தன. எனக்கு அவை அழகாகவே தெரிந்தன.

சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே குடை. என் பையை ஏற்கெனவே கட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் அறையில் அப்பா உட்காரவே இல்லை.

“மன்னிச்சிருங்க சிஸ்டரம்மா. புள்ள தெரியாம செஞ்சிருச்சு.”

“தெரியாமலா? திருவருகைக் காலம் என்றால் என்ன என்று இவளுக்குத் தெரியாதா? பழக்கம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

அப்பா குடையைப் பார்த்தார். நான் மூன்று மெழுகுவர்த்திகளையும் மேசை மேல் வைத்தேன். சிஸ்டர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“கிரேயானா?”

“ஆமா சிஸ்டர்.”

இழுப்பறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ரோஸைப் பற்ற வைத்தார். அது படபடவென்று பொரிந்து, கரும்புகை விட்டு அணைந்துபோனது. இரண்டு நாள் வேலை இரண்டு நொடியில் போயிற்று.

“எரியவில்லையே,” என்றார்.

“வேற செய்றேன் சிஸ்டர். கிரேயான் கம்மியா போட்டு செய்றேன்.”

“எனக்கு மெழுகுவர்த்தி வேண்டாம். ஏன் ஏற்றினாய் என்றுதான் புதன்கிழமை கேட்டேன். அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.”

அப்பா பின்னாலிருந்து என் கையை இறுக்கிப் பிடித்தார். சொல்லாதே என்பது அதன் அர்த்தம். நான் கையை உருவிக்கொண்டேன். அப்பாவை மீறி நான் செய்த முதல் காரியம் அதுதான்.

“அன்னைக்கு கார்த்திக சிஸ்டர். நாங்க கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்கு இல்ல. கார்த்திக அன்னைக்கு வெளக்க ஏத்தாம விடக்கூடாது. நீங்க செலவு மிச்சம் பண்ணத்தான் ஒண்ணு மட்டும் ஏத்தறீங்கன்னு நெனச்சேன்.”

அப்பா முகம் வெளிறிப்போனது. சிஸ்டர் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். அவர் பேசியபோது இங்கிலீஷும் இல்லை, புத்தகத் தமிழும் இல்லை.

“மிச்சம் பண்றதுக்கு இல்ல பிள்ளை. வாரத்துக்கு ஒண்ணு. நாலு வாரம் காத்திருக்கணும், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா கூடணும். அதுக்குத்தான் அந்த வளையமே.”

“எங்க வீட்டுல அன்னைக்கு இருட்டே இருக்கக்கூடாது சிஸ்டர்.”

அவர் அப்பா பக்கம் திரும்பினார். “ஏன் என்கிட்ட சொல்லல நீங்க?”

“சொன்னா எடம் கெடைக்காதுன்னு...”

“இந்த ஹாஸ்டல்ல பத்துப் பேர் இருக்காங்க. நாலு பேர் உங்க மாதிரி கோயிலுக்குப் போறவங்க. லீவுக்கு வீட்டுக்குப் போயிருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

இப்போது நினைத்தால் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வருகிறது, இரண்டு பேர் மேலும் இரக்கமும் வருகிறது. அப்பா கேட்கப் பயந்தார். சிஸ்டரும் கேட்கவில்லை, பழக்கம் என்ற ஒரு சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கேலிக்காரி என்று முடிவு கட்டினார். பெரியவர்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டதற்கு நடுவில் நான் தீப்பெட்டியோடு நின்றேன். அன்றைக்கு இதையெல்லாம் யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

“வெளியில உக்காருங்க,” என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். கட்டில் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே டைப்ரைட்டர் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. யாரோ வந்தார்கள், போனார்கள். பன்னிரண்டானது, ஒன்றானது. ஆன்ட்டி இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார்; அப்பா தொடவில்லை.

“சொல்லாதன்னு சொன்னேன்ல பாப்பா,” என்றார் அப்பா. திட்டவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். “வா, போயிருவோம். ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் சாயங்காலந்தான்.”

“நான் வரலப்பா.”

“அவங்கதான் ஒண்ணும் சொல்லலியே.”

“இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். அப்ப எந்திரிக்கிறேன். நீங்க வேணும்னா போங்க.”

அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு நான்கு அடி நடந்தார். நின்று திரும்பிப் பார்த்தார். நான் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேக்டரி பஸ், அக்கா வாடகைக்கு இருந்த அறை, கவிழ்த்து வைத்த நம் வகுப்பு நாற்காலி என்று ஏதேதோ கண் முன்னால் வந்தன. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. அப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு மணி பஸ் போய்விட்டது. மழை வந்தது.

மூன்று மணிக்கு மேல் சிஸ்டர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மடித்த ஒரு காகிதத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, “இதைப் படித்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அப்பா பிரித்துப் பார்த்தார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது, கீழே பள்ளி முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் அவர் தோள் தொங்கிவிட்டது. “ஸ்கூல விட்டு அனுப்பற சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்க பாப்பா. எந்திரி,” என்றார்.

நான் காகிதத்தை வாங்கினேன். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் மேலிருந்து பார்த்தேன்.

“என்னதான் எழுதியிருக்கு?”

“வெள்ளை பெட்ஷீட் ரெண்டு,” என்று படித்தேன். “தலகாணி உறை ரெண்டு. வாளி ஒண்ணு. ஸ்கூல் தொறக்கறதுக்கு மொத நாள் சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஹாஸ்டலுக்கு வந்துறணுமாம்.”

அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் முகத்தைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, குடையை விரித்தார்.

“வாளி வீட்ல இருக்கு பாப்பா. பெட்ஷீட்டு மட்டும் வாங்கணும். வா, கடை மூடிருவான்.”